அட்ஜஸ்ட்டின் குலதெய்வம்

நம் ஊர் மிளகும் துணியும் கப்பலேறி மேற்கே போய்க்கொண்டிருந்த ஒரு காலத்தில், எதிர்த்திசையில் சொற்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி வந்த ஒரு கப்பலில் அட்ஜஸ்ட் என்ற வினைச்சொல்லும் வந்தான். கையில் சின்னத் திருப்புளி ஒன்று, முகத்தில் நிறையப் பெருமை. வேறு மூட்டை முடிச்சு எதுவும் இல்லை.

பெருமைக்குக் காரணம் இருந்தது. சொந்த ஊரில் அவன் பார்த்தது நாசூக்கான வேலை. கடிகாரம் பிந்தினால் முள்ளை மயிரிழை நகர்த்தி வைப்பான். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் நேராக்குவான். போதாததற்கு, அவன் பெரிய வீட்டுப் பிள்ளை என்று ஊரே பேசிக்கொண்டது. லத்தீன் நாட்டில் நீதி என்று அர்த்தம் சொல்லும் யுஸ்துஸ் குடும்பத்தின் வாரிசாம். ஜஸ்டிஸ் எல்லாம் அவனுக்குப் பங்காளி முறையாம். முகஜாடையும் அப்படித்தான் இருந்தது. ஆகவே, தான் எதைத் திருகினாலும் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று அட்ஜஸ்ட் மனசார நம்பினான்.

கரையில் இறங்கி நடக்கப் பார்த்தான். கால் தரையில் பாவவில்லை.

"சும்மா இருங்க தம்பி, விழுந்துருவீங்க," என்று ஒரு குரல் கேட்டது. கட்டை குட்டையாக ஒருத்தன் நின்றிருந்தான். தோளிலும் முதுகிலும் தலையிலும் வெளியூர்ச் சொற்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. "என் பேரு பண்ணு. இந்த ஊர்ல வெளியூர் வினைச்சொல் யாரும் சொந்தக் கால்ல நடக்கிறதில்ல. நான்தான் தூக்கணும். டிரை, வெயிட், மேனேஜ், கேன்சல், எல்லாம் நம்ம தோள்லதான். ஏறிக்கங்க."

"இத்தனை பேரைச் சுமக்கிறீர்களே, வலிக்காதா?"

"வலிச்சா யாருகிட்டப் போயிச் சொல்ல? கம்ப்ளைன்ட்டும் என் தோள்லதான் உக்காந்திருக்கான்."

அட்ஜஸ்ட் ஏறிக்கொண்டான். அன்றிலிருந்து பண்ணு தூக்கிப் போன இடமெல்லாம் அவன் போனான்.

காலம் ஓடி ஊருக்குள் பஸ் வந்தபோது அவனுக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் நிறைவாக உட்கார்ந்திருந்தார்கள். மடி கொள்ளாத ஒரு பூசணிக்காயோடு ஒரு அம்மாள் வந்து நின்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றாள். கூப்பிட்டதும் அட்ஜஸ்ட் திருப்புளியோடு சீட்டுக்கு அடியில் குனிந்து திருகாணியைத் தேடினான். எங்கும் திருகாணி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மாள் உட்கார்ந்தாகிவிட்டது. சீட்டு அதே சீட்டுதான். ஆட்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தார்கள்.

"எங்கள் ஊரில் பொருளைத் திருகுவோம். நீங்கள் ஆட்களையே திருகுகிறீர்களே," என்றான் அட்ஜஸ்ட்.

"பொருளு உடைஞ்சிரும்ல," என்றான் பண்ணு.

ஆனாலும் அந்த சீட்டு அட்ஜஸ்ட்டுக்குப் பிடித்துப்போயிற்று. நான்கு பேரும் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கிக்கொண்டும், யாருக்கு எந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். பூசணிக்காய் ஒவ்வொரு மடியாக மாறி மாறி உட்கார்ந்து வந்தது. இறங்கும்போது அது யாருடையது என்பதில் ஒரு சின்னத் தகராறுகூட வந்தது. கடிகாரத்திலும் தராசிலும் கிடைக்காத ஏதோ ஒரு சந்தோஷம் இதில் இருந்தது. ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் வேலைக்குப் பஞ்சமில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவனைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை படிப்பைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் அவனைக் கூப்பிட்டார்கள். குழம்பில் உப்பு இல்லையென்றால், எழுந்து போய் உப்பு எடுக்கச் சோம்பல்பட்டு அவனைக் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறவர் ஒருத்தராகவும் குறைகிறவர் வேறொருத்தராகவும் இருந்ததை அவன் கவனிக்கத்தான் செய்தான். நாம் நீதி வீட்டுப் பிள்ளை, எல்லாம் கணக்காகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

மதுரையில் ஒரு வீட்டில்தான் அந்தத் தேறுதல் ஆட்டம் கண்டது.

அந்த வீட்டு மருமகள் பெயர் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி என்று கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் அவளுக்குக் கட்டிலில் பாதி இருந்தது, பீரோவில் ஒரு தட்டு இருந்தது, ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே ரேடியோ கேட்பாள். நன்றாகச் சிரிப்பாள். சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும், அந்த அளவுக்கு அவளுக்குத் தோள் இருந்தது.

மாமியார் பஞ்சவர்ணத்துக்கு முதுகுவலி வந்தது. கட்டில் இருந்த அறை அவளுக்குப் போயிற்று. "அரசி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றான் புருஷன் சொக்கலிங்கம். அட்ஜஸ்ட் வந்து ஒரு திருகு திருகினான். அரசி ஹாலுக்கு வந்தாள். சொக்கலிங்கத்துக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்று ஆயிற்று. ஹாலில் மேஜை வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, முதுகில் வலை போட்ட ஒரு சுழல் நாற்காலி வந்தது. இன்னொரு திருகு. அரசி அடுப்படிக்கு வந்தாள். அங்கே தண்ணீர் கேன்களும் கிரைண்டரும் அவளுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. இன்னும் ஒரு திருகு. கடைசியில் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருந்தது, அதில் அரசி அமைந்துவிட்டாள்.

அமைந்துவிட்டாள் என்றால் முழுவதுமாக. ஒரு கை மட்டும் இடுக்கிலிருந்து நீண்டு வந்து தாளிக்கும், தோசை வார்க்கும், பால் பொங்குமுன் அடுப்பை அணைக்கும். ஆள் அவ்வளவு தட்டையாகிவிட்டாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் அவளைக் காலண்டர் என்று நினைத்து, அன்றைக்கு ராகுகாலம் எப்போது என்று குனிந்து பார்த்தார். அவள் மரியாதையாகச் சொன்னாள். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் யாருக்கும் இது வினோதமாகத் தெரியவில்லை. "எங்க மருமக மாதிரி வராது. வீட்ல இருக்கிற இடமே தெரியாது," என்று பஞ்சவர்ணம் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வாள். அது உண்மையும்கூட. சொக்கலிங்கமும் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். அவன் சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று பிரிட்ஜைப் பார்த்துச் சொல்கிற ரகம்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. சொக்கலிங்கத்தின் தங்கை தெய்வானை குடும்பத்தோடு மஸ்கட் போகிறாள். அவளுடைய இரண்டு கதவு பிரிட்ஜை விற்க மனசில்லை, அம்மா வீட்டில் போட்டு வைக்கிறாளாம். வெள்ளிக்கிழமை வண்டி வரும். "பழைய பிரிட்ஜுல மாவு வெச்சுக்கலாம் மதினி, இதுல மத்ததெல்லாம் வெச்சுக்கலாம், உங்களுக்குத்தான் வசதி," என்றாள் தெய்வானை. பஞ்சவர்ணம் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். பிளக் பாயின்ட் இருக்கிற காலி இடம் அந்த இடுக்கு ஒன்றுதான் என்று முடிவாயிற்று.

முன்கூட்டியே அளவு பார்த்து வைக்கலாம் என்று அட்ஜஸ்ட் இடுக்குக்குள் எட்டிப் பார்த்தான்.

"வாங்க," என்றாள் அரசி. "இந்த வாட்டி எந்தப் பக்கம் திருகப் போறீங்க?"

அட்ஜஸ்ட் அளவு பார்த்தான். அவள் பக்கவாட்டில் ஒரு நூல்தான் பாக்கி இருந்தது. இன்னொரு திருகு திருகினால் அரசி இருக்க மாட்டாள். சுவரில் அவள் சேலை நிறத்தில் ஒரு கறைதான் இருக்கும்.

"வலிக்கிறதா?"

"வலியெல்லாம் இல்லங்க. மூச்ச உள்ள இழுத்தா வெளிய விட எடம் இல்ல, அம்புட்டுத்தான். பாதி பாதியா விட்டுக்கிறேன்."

"பயப்பட வேண்டாம். நான் நீதி வீட்டுப் பிள்ளை. என் கையால் அநியாயம் நடக்காது."

அரசி கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள். "அப்ப உங்க வீட்டுப் பெரிய ஆளுங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்களேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருங்க. அதுக்கப்புறம் வந்தா நான் இருக்க மாட்டேன்."

அவள் அதைப் பால் தீர்ந்துபோகும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அட்ஜஸ்ட் உடனே கிளம்பினான்.

சொற்களுக்குப் பயணம் போக வாய் போதும். சொக்கலிங்கத்தின் வாயிலிருந்து போன் வழியாக லண்டனில் இருக்கும் அவன் மேலதிகாரியின் வாய்க்குத் தாவினான். அங்கிருந்து ஒரு பல் டாக்டர், அவரிடமிருந்து ஒரு வக்கீல், வக்கீலிடமிருந்து லத்தீன் முணுமுணுக்கும் ஒரு பாதிரியார் என்று மாறி மாறி, கடைசியில் லத்தீன் நாட்டுக்கே வந்து சேர்ந்தான். ஊரில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் எப்போதோ காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். குலதெய்வம் இருக்கிற ஊர் எதில்தான் ஆள் இருக்கிறது.

யுஸ்துஸ் குடும்பத்துக் கோயில் பளிங்கால் கட்டியது. வாசலில் ஜஸ்டிஃபை நின்றிருந்தான். யார் என்ன செய்தாலும் அதற்கு ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொடுப்பது அவன் தொழில்.

"எந்தக் கரைப் பங்காளி? எந்த வகையறா?" என்று கேட்டான் ஜஸ்டிஃபை.

"நான் அட்ஜஸ்ட். உங்கள் வீட்டுப் பிள்ளைதான்."

ஜஸ்டிஃபை அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "நீயா. உங்க பூட்டன் பிரெஞ்சுக்கார ஊர்ல இருந்தான். முகம் எங்க முகம் மாதிரியே இருந்துச்சு. ஊர்க்காரங்க இவன் நீதி வீட்டு ஆளுதான்னு சொன்னாங்க, அவனும் மறுக்கல. வாசல்ல நின்னே சொந்தமாயிட்டான். ரத்தம் வேற தம்பி."

அட்ஜஸ்ட் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்படியென்றால் நான் இத்தனை காலம் செய்ததெல்லாம் நியாயம் இல்லையா?"

"நியாயம்னு வேணா சொல்லித் தரேன். அதுக்கென்ன, என் பொழப்பே அதுதான். அந்தப் பொண்ணுக்கு ஒல்லியா இருந்தா ஒடம்புக்கு நல்லது. இடுக்குல இருந்தா வெயில் படாது. இன்னும் வேணுமா?"

அட்ஜஸ்ட்டுக்கு அவமானமாக இருந்தது. இந்தக் காரணங்களில் பாதியை அவனே தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். "வேண்டாம். என் கோயில் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்."

ஜஸ்டிஃபை மூக்கைச் சுளித்துக்கொண்டு புளியமரம் மாதிரி ஒன்று நின்ற திசையைக் காட்டினான். "யுக்ஸ்தா அப்படின்னு ஒரு கூட்டம். 'பக்கத்துல'ங்கிறதுதான் அவங்க பேருக்கே அர்த்தம். சாமி, சிலை எதுவும் கிடையாது. பெஞ்சு ஒண்ணு போட்டு உக்காந்திருப்பாங்க."

பெஞ்சு நீளமாகத்தான் இருந்தது, ஆனால் கூட்டம் அதைவிட நீளம். அட்ஜஸ்ட் போய் நின்றதும் யாரும் பெயர் கேட்கவில்லை, கரை கேட்கவில்லை. இந்தக் கோடியில் இருந்தவர் நகர்ந்தார், அவர் நகர்ந்ததால் அடுத்தவர் நகர்ந்தார், அப்படியே பெஞ்சு முழுக்க நகர்ந்துபோய் அந்தக் கோடியில் இருந்தவர் தொப்பென்று கீழே விழுந்தார். அட்ஜஸ்ட் பதறிப்போனான். விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, சுற்றி நடந்து இந்தக் கோடிக்கு வந்து நின்றார். மறுபடியும் எல்லாரும் நகர்ந்தார்கள். அந்தப் பக்கம் இன்னொருத்தர் விழுந்தார்.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று அட்ஜஸ்ட் கேட்டான்.

"யாரு கண்டா," என்றான் பக்கத்தில் இருந்தவன். அவன் பெயர் ஜவுஸ்ட். குதிரையில் வந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் ஒரு பழைய சண்டைக்கு அந்த நாட்டில் அவன் பெயர்தான். ஈட்டியை மடியில் வைத்திருந்ததால் அவன் அருகில் உட்கார்வது சிரமமாக இருந்தது. "பக்கத்துல பக்கத்துல வந்தா சண்டையும் வரத்தான் செய்யும். அதுக்குத்தான் என்னையும் இந்தக் குடும்பத்துல வெச்சிருக்காங்க. ஆனா நகராம மட்டும் யாரும் இருக்கக் கூடாது. வேற பூசை எதுவும் எங்களுக்கு இல்ல."

பஸ் சீட்டில் தனக்கு வந்த சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அட்ஜஸ்ட்டுக்கு அப்போது விளங்கியது. அவன் முறையும் வந்தது. நகர்ந்து நகர்ந்து கோடிக்குப் போய்க் கீழே விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. மண்ணில் கிடந்தபடியே யோசித்தான். இந்தப் பெஞ்சில் எல்லாரும் விழுகிறார்கள், அதனால் எல்லாரும் உட்காரவும் செய்கிறார்கள். அந்த வீட்டில் ஒருத்திதான் விழுந்துகொண்டே இருக்கிறாள். தன் கையால்தான் விழுகிறாள். அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கக்கூட நிற்காமல் வந்த வழியே வாய் வாயாகத் தாவி மதுரைக்குத் திரும்பினான்.

வந்தபோது வெள்ளிக்கிழமை ஆகியிருந்தது, வாசலில் வண்டியும் நின்றிருந்தது. இரண்டு ஆட்கள் அந்தப் பெரிய பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஹாலுக்குள் நின்றார்கள். பஞ்சவர்ணம் தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, கதவில் கீறாமல் கொண்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொக்கலிங்கம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான்.

"அரசி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பண்ணு வழக்கம்போல அட்ஜஸ்ட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இடுக்கை நோக்கி நடந்தான்.

"அண்ணே, இங்கேயே இறக்கி விடுங்க," என்றான் அட்ஜஸ்ட். அவனுக்கே தெரியாமல் இந்த ஊர்ப் பேச்சு வந்திருந்தது.

"இங்கயா? நடு ஹால்லயா? சொன்ன ஆளுகிட்டயும் போகாம, கேட்ட ஆளுகிட்டயும் போகாம?"

"எங்க குடும்ப வழக்கம் அதுதாண்ணே. இப்பத்தான் தெரிஞ்சுது."

பண்ணு அவனை நடு ஹாலில் வைத்தான். அட்ஜஸ்ட் திருப்புளியைத் தொடவில்லை. "எல்லாரும் பக்கத்துல வாங்க," என்று மட்டும் சொன்னான்.

வீடு நகர்ந்தது. முதலில் சுழல் நாற்காலி சொக்கலிங்கத்தோடு உருண்டது. "ஏய், ஏய்," என்று அவன் மேஜையைப் பிடித்தான், மேஜையை விட்டுக் கை நழுவியது. உள் அறையிலிருந்து பஞ்சவர்ணம் கட்டிலை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தாள். நாற்காலி அடுப்படி நிலைப்படியில் தட்டி நின்றது, அவன் நிற்கவில்லை. இருவரும் போகப் போகக் குறைந்தார்கள். தொந்தி போயிற்று, தோள் போயிற்று. ஒருவர் பின் ஒருவராக அந்த இடுக்குக்குள் நுழைந்து அரசிக்குப் பக்கத்தில் பதிந்தார்கள். உள்ளே சொக்கலிங்கம், அவனுக்கு இந்தப் பக்கம் அரசி, இடுக்கின் வாய்ப்பக்கம் பஞ்சவர்ணம்.

பக்கத்தில் பிரிட்ஜ் உர்ரென்றது.

"மூச்சு முட்டுது," என்றான் சொக்கலிங்கம்.

"பாதி பாதியா விடுங்க. பழகிரும்," என்றாள் அரசி.

அவன் தலையைத் திருப்ப முடிகிற மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான். "நீ இங்கயா இருந்த? கூப்பிட்டப்பல்லாம் பதில் சொன்னியே. அடுப்படியில இருக்கேன்னுல்ல நெனச்சேன்."

"இதுவும் அடுப்படிதாங்க."

சொக்கலிங்கம் அழத் தொடங்கினான். அழுவதற்குக்கூட அங்கே இடம் போதவில்லை. கண்ணீர் நேராக விழ வழியில்லாமல் பக்கவாட்டில் அரசியின் தோள்பக்கம் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கை எட்டவில்லை.

பஞ்சவர்ணத்தின் விரல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. அரசியின் முதுகு பட்டுப் பட்டு அங்கே சுண்ணாம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தைத் தொட்டதும் கிழவியின் முகம் மாறிவிட்டது.

"இது பரவாயில்ல," என்றாள் மெதுவாக. "எங்க மாமியா வீட்டுல நெல்லுக் குதிருக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்தேன். அது இதுல பாதிதான் இருக்கும்."

அரசிக்கு இது புதிது. இத்தனை வருஷத்தில் மாமியார் இதைச் சொன்னதே இல்லை. "அப்புறம் எப்ப அத்தை வெளிய வந்தீங்க?"

பஞ்சவர்ணத்தின் விரல் தேய்ந்த சுண்ணாம்பிலேயே நின்றது.

"நீ இந்த வீட்டுக்கு வந்தப்ப," என்றாள்.

நடு ஹாலில் உட்கார்ந்திருந்த அட்ஜஸ்ட் தலை குனிந்துகொண்டான். பஞ்சவர்ணத்தின் மாமியார் வீட்டுக்கும் யாரோ அவனைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அங்கேயும் அவன்தான் திருகியிருப்பான். அவனுக்கு நினைவில்லை, அத்தனை வீடுகள்.

பிரிட்ஜ் தூக்கி வந்தவர்களுக்குக் கை விட்டுப்போயிருந்தது. அவர்களில் மூத்தவர் அடுப்படி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "ஆத்தா, எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது? இந்த இடுக்குலதான் வைக்கச் சொன்னாங்க. வெச்சிரவா?"

பஞ்சவர்ணம் தன் ஒற்றைக் கையை மெல்ல வெளியே நீட்டி, அந்த இடுக்கின் வாயில் குறுக்கே வைத்தாள்.

"இங்க ஆள் இருக்குப்பா," என்றாள்.